அரத்துக்குப் பல் வெட்டியவர்கள்: ஆங்கிலேயத் தொழிலாளர் குடும்பத்தின் முன்னோரைத் தேடும் முறை

என் மாமியார் வீட்டுப் பரணில் ஒரு சுத்தியல் கிடந்தது. தலை நல்ல கனம், கைப்பிடி குட்டை, அதுவும் நேராக இல்லாமல் சற்று வளைந்தது. கட்டைவிரல் பட்டுப் பட்டு மரத்தில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது. "என் தாத்தாவோடது. அவருக்கு முன்னாடி யார் வைத்திருந்தார்களோ தெரியாது" என்றார். என் மகள் அந்தப் பள்ளத்தில் தன் விரலை வைத்துப் பார்த்தாள். அன்றிரவே தேட உட்கார்ந்தேன்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் கையால் அரம் செய்தவர்களின் சுத்தியல் அது. இரண்டு வருடத் தேடலில் ஆறு தலைமுறை பின்னால் போய்விட்டேன். இங்கிலாந்தில் கல்யாணம் செய்துகொண்ட நம்மவர்கள் சிலர் எப்படி என்று கேட்டார்கள். அவர்களுக்காக இந்தப் பதிவு.

முதலில் ஒன்று. நிலபுலன் வைத்திருந்த குடும்பத்துக்கு உயில் இருக்கும், கல்லறையில் பெயர் இருக்கும். கூலித் தொழிலாளி குடும்பத்துக்குப் பெரும்பாலும் இரண்டும் இருக்காது. ஆனால் அரசாங்கம் எந்தத் தாளில் அவர்களை எழுதினாலும் தொழிலையும் சேர்த்து எழுதியது. அதனால் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். தொழிலையும் தெருவையும் பிடித்துக்கொண்டு போங்கள்.

1. பத்துப் பத்து வருடமாகப் பின்னால்

வம்சாவளித் தளங்களில் கணக்கு தொடங்குவது, பெயர் போட்டுத் தேடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். உயிரோடு இருக்கும் பெரியவர்களிடம் கேட்டு, 1921-க்கு முன் பிறந்த ஒருவரின் பெயரையும் ஊரையும் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பிடித்துப் பின்னால் போக வேண்டும்: 1921, 1911, 1901 என்று 1841 வரை. 1931 கணக்கெடுப்பு 1942-இல் தீயில் போய்விட்டது. 1941-இல் போர் காரணமாக எடுக்கவே இல்லை. இடையில் 1939 செப்டம்பரில் எடுத்த மக்கள் பதிவேடுதான் ஒரே பாலம்.

தொழிலாளர் குடும்பத்துக்கு 1921 ஒரு புதையல். யாரிடம் வேலை செய்தார், எந்த இடத்தில் என்பதுகூட இருக்கும். 1911 தாளைக் குடும்பத் தலைவரே நிரப்பினார். எத்தனை பிள்ளை பிறந்தது, எத்தனை இறந்தது என்ற கேள்வியும் அதில் உண்டு. எங்கள் வீட்டுத் தாளில் பிறந்தது 9, இறந்தது 4 என்று இருந்தது. மாமியாருக்கு அந்த நாலு பேரைப் பற்றி அதுவரை எதுவுமே தெரியாது.

1841-இல் மட்டும் கவனம் தேவை. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைப் பொதுவாக ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதினார்கள். 38 வயதுக்காரர் அங்கே 35 ஆக இருப்பார். யார் யாருக்கு என்ன உறவு என்பதும் இருக்காது.

2. நான் ஐந்து மாதம் வழிதவறிய இடம்

மாமியாருடைய தாத்தாவின் தாத்தா 1838 வாக்கில் பிறந்தவர், அரம் வெட்டும் தொழிலாளி. அதே பெயரில், ஒரு வயது வித்தியாசத்தில், அதே தொழிலில் ஷெஃபீல்டில் இன்னொருவர் இருந்தார். வில்லியம், ஜார்ஜ், ஜோசப் என்று நாலைந்து பெயரையே ஊர் முழுக்க மாற்றி மாற்றி வைத்த காலம் அது. நான் அந்தத் தவறான ஆளைப் பிடித்துக்கொண்டு, அவருடைய அப்பாவான யாரோ ஒரு கத்திரிக்கோல் சாணைக்காரரின் பரம்பரையை அழகாக வரைந்து வைத்திருந்தேன்.

தவறு இரண்டு இடத்தில். ஒன்று, பிறப்புப் பதிவை ஷெஃபீல்டு மாவட்டத்தில் மட்டும் தேடினேன். ஊரின் மேற்கும் தெற்கும் எக்லசால் பியர்லோ என்ற தனிப் பதிவு மாவட்டத்தில் இருந்தது அப்போது எனக்குத் தெரியாது. எங்கள் ஆள் அங்கேதான் இருந்தார். உங்கள் ஊர் எதுவானாலும், பக்கத்துப் பதிவு மாவட்டங்களின் பெயரை முதலில் எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள்.

இரண்டு, காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று திருமணச் சான்றிதழ் வாங்காமல் விட்டேன். 1837 ஜூலை முதல் வந்த திருமணச் சான்றிதழில் மணமகன், மணமகள் இருவருடைய தந்தையின் பெயரும் தொழிலும் இருக்கும். வாங்கிப் பார்த்தேன்: தந்தையும் அரம் வெட்டுபவர். ஐந்து மாத வேலையை அந்த ஒரு வரி தீர்த்து வைத்தது.

இன்னும் சந்தேகமா? பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையைத் திறங்கள். இலவசம்தான். பிறப்புப் பதிவில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் 1837 முதலே இருக்கும். கணக்கெடுப்பில் உள்ள பிள்ளைகளை ஒவ்வொருவராக அதில் தேடுங்கள். எல்லாருக்கும் அம்மா பெயர் ஒன்றாக வந்தால் ஒரே குடும்பம். ஒன்று மாறினாலும் நின்று யோசியுங்கள்: மறுமணமாக இருக்கலாம், வேறு குடும்பமாகவும் இருக்கலாம்.

திருமணப் பதிவுகளைத் தேட நான் ஃப்ரீபிஎம்டி என்ற இலவசத் தளத்தைத்தான் நம்புகிறேன். கட்டணத் தளங்களில் மற்றவர்கள் போட்டிருக்கும் குடும்ப மரங்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் ஆளை மூன்று மரங்களில் பார்த்தேன், மூன்றிலும் தவறான அப்பா.

3. தொழிலின் பெயரைப் படிக்கப் பழகுங்கள்

அரம் ஒன்று உருவாக, காய்ச்சி அடித்து வடிவம் தருபவர், சாணை பிடிப்பவர், பல் வெட்டுபவர், பதம் ஏற்றுபவர் என்று தனித்தனி ஆள் உண்டு. பல் வெட்டுபவர் கல்லின் மேல் பதித்த அடைகல்லின் முன் உட்கார்ந்து, அரத்தை ஈயக் கட்டையின் மேல் வைத்து, தோல்வாரால் காலைக் கொண்டு அழுத்திப் பிடித்து, உளியால் ஒவ்வொரு பல்லாக வெட்டுவார். அந்த ஈயத் தூள் உடம்பில் ஏறும். 1838-இல் பிறந்த அந்த மனிதரின் இறப்புச் சான்றிதழில் காரணம் ஈய நஞ்சு என்றே இருக்கிறது. அதைப் படித்த அன்று வேறெதுவும் தேடவில்லை.

சிறிய அரங்களை வீட்டிலேயே பெண்களும் பிள்ளைகளும் வெட்டினார்கள். கணக்கெடுப்பில் மனைவிக்கு எதிரே தொழில் காலியாக இருந்தால், அவர் சும்மா இருந்தார் என்று முடிவு கட்டாதீர்கள்.

1841-இல் தொழிலுக்குப் பக்கத்தில் 'ஜே' என்ற எழுத்து மட்டும் இருந்தால் ஜர்னிமேன், அதாவது தொழில் கற்று முடித்துக் கூலிக்கு வேலை செய்பவர். இவர்கள் வணிக விவரப் புத்தகங்களில் (ஊரில் தொழில் நடத்துபவர்களின் பெயர், முகவரிப் பட்டியல்) சாதாரணமாக வரமாட்டார்கள். சொந்தமாகச் சிறு பட்டறை நடத்திய 'லிட்டில் மெஸ்டர்' வர வாய்ப்பு உண்டு. அந்தப் புத்தகங்களை லெஸ்டர் பல்கலைக்கழகம் இலவசமாகப் போட்டிருக்கிறது.

அடக்கப் பதிவுகளுக்கு ஷெஃபீல்டு இன்டெக்சர்ஸ் தளம். முகவரியில் 'கோர்ட் 4, ஹவுஸ் 2' என்று வந்தால் குழம்ப வேண்டாம். தெருவுக்குப் பின்னால் ஒரு முற்றத்தைச் சுற்றி நெருக்கிக் கட்டிய வீடுகள் அவை. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் பழைய வரைபடங்களில் இங்கிலாந்தும் உண்டு. ஒவ்வொரு முற்றத்தையும் அதில் பார்க்கலாம்.

4. 1837-க்கு முன்னால்

இனி தேவாலயப் பதிவேடுகள்தான். 1813 முதல் ஞானஸ்நானப் பதிவில் தந்தையின் தொழிலுக்கு என்றே ஒரு கட்டம் வந்தது. 1754 முதல் திருமணப் பதிவில் மணமக்கள் கையெழுத்திட வேண்டும், தெரியாதவர்கள் ஒரு குறி இட வேண்டும். முடிந்தவரை மூலப் பக்கத்தின் படத்தைப் பாருங்கள். எங்கள் முன்னோர் ஒருவர் போட்ட பெருக்கல் குறி காகிதத்தையே கிழித்திருக்கிறது, அவ்வளவு அழுத்தம்.

ஷெஃபீல்டுக்காரர்களுக்கு இன்னொரு வரம், 1624-இல் ஏற்பட்ட ஹாலம்ஷயர் (ஷெஃபீல்டு வட்டாரத்தின் பழைய பெயர்) கத்தித் தொழிலாளர் சங்கம். 1814 வரை அதில் சேர்ந்த தொழில் பழகுநர்களின் பட்டியல் அச்சில் இருக்கிறது. அரம் செய்தவர்களும் அதில் உண்டு. மற்ற ஊர்க்காரர்கள் தொழில் பழகும் ஒப்பந்தங்களுக்கான முத்திரை வரிப் பதிவேடுகளைத் தேடலாம். அந்த வரி 1710 முதல் சுமார் நூறு வருடம் இருந்தது.

பின்சேர்க்கை: 1861-இல் இருந்த குடும்பம் 1871-இல் காணோம் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர்கள் ஷெஃபீல்டை ஒட்டிய லாக்ஸ்லி ஆற்றோரம் இருந்தவர்கள். 1864 மார்ச் 11 இரவு டேல் டைக் அணை உடைந்து 240 பேருக்கு மேல் இறந்தார்கள். இழப்பீடு கேட்டுப் போட்ட மனுக்கள் ஷெஃபீல்டு வெள்ள இழப்பீட்டு ஆவணத் தளத்தில் இருக்கின்றன. வெள்ளத்தில் போன துணிமணி, தட்டுமுட்டுச் சாமான், நின்றுபோன கூலி எல்லாம் அதில் வரும். அவரும் தேடினார், கிடைத்தது. குடும்பம் பக்கத்து ஊரான ரோதர்ஹாமுக்குப் போய்விட்டிருந்தது.

எங்கள் தேடல் அந்தப் பழகுநர் பட்டியலில் ஒரு வரியில் வந்து நிற்கிறது. டெர்பிஷயர் கிராமத்து விவசாயி ஒருவர் தன் மகனை அரம் செய்பவர் ஒருவரிடம் தொழில் கற்க விட்டிருக்கிறார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக அரம் தொட்டது அந்தப் பையன்தான். அடுத்த மாதம் மாமியாரும் மகளும் நானும் மாட்லாக்கில் உள்ள டெர்பிஷயர் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறோம். அந்தக் கிராமத்துத் தேவாலயப் பதிவேட்டை அங்கே பார்க்கலாம்.