வாலாட்டுகிற நாயெல்லாம் சந்தோஷமாக இருக்கிறது என்றில்லை: நாயின் மனநிலையை அறியும் முறை

வாலாட்டினால் நாய் பரபரப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். அது மகிழ்ச்சியா, பயமா, கோபமா என்பதை மற்ற உறுப்புகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

1. இயல்பு நிலையைப் பதிவு செய்யுங்கள். தின்றுவிட்டு முற்றத்தில் சும்மா நிற்கும்போது பக்கவாட்டிலிருந்து ஒரு நிமிட வீடியோ எடுங்கள். சிப்பிப்பாறை இன நாய்க்கு வால் தாழ்ந்தே இருக்கும். தெருநாய்கள் பல வாலைச் சுருட்டி மேலே வைத்திருக்கும். வீடியோவுக்குப் போனில் உள்ள ஸ்லோமோஷன் போதும். குரைப்பை மொழிபெயர்ப்பதாகச் சொல்லும் ஆப்கள் வீண்.

2. வால். இடுப்பும் சேர்ந்து குலுங்கத் தளர்வாக வீசினால் மகிழ்ச்சி. காலிடுக்கில் செருகிக்கொண்டு நுனியை மட்டும் ஆட்டினால் பயம். விறைத்து உயர்ந்த வாலின் நுனி படபடத்தால் கிட்டே போகாதீர்கள்.

ஆடிய வால் சட்டென நின்று, இரைத்த வாய் மூடி, உடம்பு கல்லாகிவிட்டால் அதுதான் கடைசி எச்சரிக்கை. பலரும் இதை ‘நாய் அடங்கிவிட்டது’ என்று எடுத்துக்கொண்டு கை நீட்டுகிறார்கள். கண்ணோடு கண் பார்க்காமல், ஓடாமல், பக்கவாட்டில் மெல்ல விலகுங்கள். கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசிக்குப் போங்கள்.

உறுமலுக்கு அடிக்காதீர்கள். அடி வாங்கி உறுமலை விட்ட நாய், அடுத்த முறை சத்தமில்லாமல் கடிக்கும்.

3. முகம். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி, தீனி இல்லாமல் உதடு நக்கல், தலையைத் திருப்பிக்கொண்டு வெள்ளைவிழி தெரிய ஓரப்பார்வை: மூன்றும் சங்கடத்தின் அடையாளங்கள். பிள்ளைகள் கழுத்தைக் கட்டிப்பிடிக்கும்போது இவற்றை அடிக்கடி பார்க்கலாம். உடனே பிள்ளையை விலக்குங்கள்.

4. வெக்கையா, பயமா? இரண்டுக்கும் நாக்கு தொங்கும். தரையைப் பாருங்கள். நாய்க்கு உள்ளங்காலில் வியர்க்கும். வெயில் இல்லாத நேரத்தில், காய்ந்த டைல்ஸில் ஈரப் பாதத்தடம் விழுந்தால் பயமாக இருக்கலாம். ஊர்க் கோயில் கொடை, கோட்டாறு சவேரியார் திருவிழா, ஐப்பசி இடி என்று நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் நாயை மிரட்டும் சத்தத்துக்குக் குறைவில்லை. கட்டிலுக்கடியில் புகுந்த நாயை இழுக்க வேண்டாம். ஜன்னலை அடைத்து ஃபேனைப் போட்டுவிடுங்கள். தடவிக் கொடுத்தால் பயம் கூடும் என்பது சும்மா பேச்சு. நாய் தானாகக் கிட்டே வந்தால் தாராளமாகத் தடவலாம்.

5. ‘திருட்டு முழி’. செருப்பைக் கடித்த நாய் தலை குனிந்தால் தப்பை உணர்ந்தது என்று அர்த்தமில்லை. 2009-இல் நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் நடத்திய சோதனையில், தப்பே செய்யாத நாயும் திட்டு வாங்கினால் அதே முழி முழித்தது. அது உங்கள் குரலுக்குப் பயப்படுகிறது.

பின்சேர்க்கை: ராஜபாளையம் வளர்ப்பவர்களுக்கு. அந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. கூப்பிட்டும் திரும்பாத நாயைத் திமிர் என்று முடிவு கட்டாமல், அது பார்க்காதபோது பின்னாலிருந்து கைதட்டிச் சோதியுங்கள். தட்டும் காற்று மேலே படாத தூரத்தில் நில்லுங்கள். காது கேட்காது என்றால், தூங்கும்போது தொட்டு எழுப்பாதீர்கள். பக்கத்துத் தரையைக் காலால் தட்டுங்கள், அதிர்வில் விழித்துவிடும்.