கிரேட் ஃபால்ஸ் கால்வாய்க்குப் போகும்போது செய்யக்கூடாத தவறுகள்

வாஷிங்டன் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில், ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் கூட்டிப்போகும் இடங்களின் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான். வெள்ளை மாளிகை, ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள், லேன்ஹாம் சிவா விஷ்ணு கோயில், அப்புறம் கிரேட் ஃபால்ஸ். கடைசியாகச் சொன்ன இடத்துக்குப் போய்வந்தவர்களிடம் "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால் "அருவி" என்பார்கள். கால்வாயைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அருவியைப் பார்க்க அந்தக் கால்வாயைக் கடந்துதான் போயிருப்பார்கள்.

முதல் தவறு காரில் ஏறும்போதே நடந்துவிடுகிறது. போட்டோமாக் ஆற்றின் இரு கரையிலும் கிரேட் ஃபால்ஸ் என்ற பெயரில் பூங்கா இருக்கிறது. ஒன்று வர்ஜீனியாவில், இன்னொன்று மேரிலாந்தில். ஜிபிஎஸ்ஸில் வெறும் "கிரேட் ஃபால்ஸ்" என்று போட்டால் அது தன் இஷ்டத்துக்கு ஒரு கரையைக் காட்டும். இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரையில் நிற்பவரின் சட்டை நிறம்கூடத் தெரியும், ஆனால் நடுவில் பாலம் கிடையாது. கரை மாற வேண்டுமென்றால் காரை எடுத்துக்கொண்டு வாஷிங்டனைச் சுற்றியோடும் பெல்ட்வே நெடுஞ்சாலை வழியாகச் சுற்ற வேண்டும். அரை மணி நேரம் போய்விடும், வெள்ளிக்கிழமை மாலை என்றால் கேட்கவே வேண்டாம். இரண்டு கார்களில் கிளம்பி, புளியோதரை ஒரு கரையிலும் தயிர்சாதம் மறு கரையிலும் போய்ச் சேர்ந்த குடும்பங்கள் உண்டு.

அருவியை நேருக்கு நேர், அதிகம் நடக்காமல் பார்க்க வர்ஜீனியா பக்கம் வசதி. அங்கும் ஒரு பழைய கால்வாயின் இடிபாடுகள் இருக்கின்றன. ஜார்ஜ் வாஷிங்டன் தலைவராக இருந்து 1785-ல் தொடங்கிய பட்டோமாக் கம்பெனி, வெடிமருந்து வைத்துப் பாறையைப் பிளந்து வெட்டியது அது. தண்ணீர் நிற்கும் கால்வாய், படகை ஏற்றி இறக்கும் லாக்குகள், பழைய விடுதிக் கட்டடத்தில் அருங்காட்சியகம் எல்லாம் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் மேரிலாந்து பக்கம்தான் போக வேண்டும். செசபீக் அண்ட் ஓஹையோ கால்வாய், சுருக்கமாக சி அண்ட் ஓ, அங்கேதான் இருக்கிறது. இனி நான் சொல்வதெல்லாம் அந்தக் கரையைப் பற்றி.

இரண்டாவது, நேரம். காலையில் கோயில், மதியம் பிரசாதம், அப்படியே கிரேட் ஃபால்ஸ் என்று திட்டம் போடுகிறோம். வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் சனி, ஞாயிறு ஒரு மணிக்கு அங்கே போனால், வாகனம் நிறுத்த இடமில்லாமல் மெக்ஆர்தர் பூலவார்ட் சாலையில் வரிசை நிற்கும். திட்டத்தைத் திருப்பிப் போடுங்கள். காலை பத்து மணிக்கு முன்பே கால்வாய், மாலையில் கோயில். நுழைவுக் கட்டணம் காருக்கு இத்தனை என்ற கணக்கு, கார்டு கையில் இருக்கட்டும். அருங்காட்சியகம் எல்லா நாளும் திறந்திருக்கும் என்றும் நம்பிப் போகாதீர்கள். தேசியப் பூங்காத் துறையின் பக்கத்தை முதல் நாள் இரவு ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. படகு சவாரிக்கும் அதுவே பொருந்தும்: கோவேறு கழுதை இழுக்கும் படகின் படத்தைக் குழந்தைகளிடம் காட்டி ஆசை மூட்டிவிட்டு, அங்கே போய் "இந்த சீசன் ஓடவில்லை" என்று கேட்க நேர்ந்தால் அழுகையைச் சமாளிப்பது உங்கள் பாடு.

சரி, உள்ளே வந்தாகிவிட்டது. வண்டியை நிறுத்தியதும் எல்லாரும் அருவியை நோக்கி விறுவிறுவென்று நடக்கிறார்கள். என்னைக் கேட்டால் இதுதான் பெரிய தவறு. அருவி எங்கும் போய்விடாது. அதற்கு முன் டேவர்ன் என்று அழைக்கப்படும் அந்தப் பழைய விடுதியின் வெள்ளைக் கட்டடத்துக்கு எதிரே நில்லுங்கள். அங்கே கல்லால் கட்டிய ஒரு நீளமான தொட்டியும், இரண்டு முனையிலும் மரக்கதவுகளும் தெரியும். அது 20-ஆம் எண் லாக்.

அதைப் பார்த்துவிட்டு "நம்ம ஊர் மதகு மாதிரி" என்று கடந்துபோவார்கள். மதகு தண்ணீரைத் திறந்துவிடுவதற்கு. லாக் படகைத் தூக்குவதற்கு. கீழ்ப்பக்கத்திலிருந்து படகு தொட்டிக்குள் வரும், பின்னால் கதவைச் சாத்துவார்கள். மேல்பக்கக் கதவின் அடியில் இருக்கும் சின்னப் பலகைக் கதவுகளை இரும்புச் சாவி கொண்டு திருப்பினால் மேலிருந்து தண்ணீர் தொட்டிக்குள் இறங்கும். தொட்டி நிரம்ப நிரம்ப, படகும் கூடவே எழும். உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் சமமானதும் மேல்கதவைத் திறந்து படகை வெளியே விடுவார்கள். பம்பு, இன்ஜின் எதுவும் கிடையாது. தண்ணீரின் எடையே எல்லா வேலையையும் செய்துவிடுகிறது.

கதவுகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இரண்டு கதவும் நேர்க்கோட்டில் சாத்துவதில்லை. நீரோட்டம் வரும் திசையைப் பார்த்து, கூரை முகடுபோல் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து முட்டிக்கொண்டு நிற்கும். தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு இறுக மூடும். இரண்டு பக்கமும் மட்டம் சமமாகும்வரை பத்துப் பேர் சேர்ந்து தள்ளினாலும் அசையாது. சமமான பிறகு, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த நீள மரத்தில் ஒருவர் முதுகைச் சாய்த்துத் தள்ளினால் போதும். பள்ளியில் அழுத்தம் பாடம் படிக்கும் பிள்ளை கூட இருந்தால் இங்கே பத்து நிமிடம் நிற்க வையுங்கள்.

இப்படி ஒரு லாக் படகை ஏறத்தாழ எட்டு அடி தூக்கும். வாஷிங்டனின் ஜார்ஜ்டவுனிலிருந்து மேற்கு மேரிலாந்தின் கம்பர்லண்ட் வரை 184.5 மைல் நீளத்தில், 605 அடி ஏற்றத்தைச் சமாளிக்க இப்படி 74 லாக்குகள். அவற்றில் 15 முதல் 20 வரை ஆறு லாக்குகள் இங்கே ஒரு மைலுக்குள் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. பக்கத்திலேயே போட்டோமாக் ஆறு ஒரு மைலுக்குக் குறைவான தூரத்தில் 76 அடி விழுகிறது என்பதுதான் காரணம். ஆறு குதித்து இறங்கும் இடத்தைக் கால்வாய் படிப்படியாக ஏறுகிறது. 20-ஆம் எண் லாக்கிலிருந்து கீழ்நோக்கிக் கரையோரப் பாதையில் நடந்தால் ஒவ்வொரு படியாக நீங்களும் இறங்குவது தெரியும். இதைப் பார்த்துவிட்டு அருவிக்குப் போனால், இந்த ஆற்றில் ஏன் படகு விட முடியவில்லை என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

டேவர்னுக்குள்ளும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாருங்கள். முதலில் லாக் காவலருக்காகக் கட்டிய வீடு அது, பிறகு பயணிகள் தங்கும் விடுதியாக விரிந்தது. கழிப்பறைக்கு வழி கேட்கத்தான் பாதிப் பேர் அந்தப் பக்கம் வருகிறார்கள். உள்ளே சொல்லப்படும் கதை சுவாரஸ்யமானது. 1828 ஜூலை 4 அன்று அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் இந்தக் கால்வாய்க்கு முதல் மண்ணை வெட்டினார். மண்வெட்டி வேரில் மாட்டிக்கொண்டது. மனிதர் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி ஓங்கி வெட்டியபோது கூட்டம் ஆரவாரம் செய்ததாம். அதே நாளில், கொஞ்ச தூரத்தில் பால்டிமோரில், இன்னொரு கூட்டம் பால்டிமோர் அண்ட் ஓஹையோ ரயில்பாதைக்கு அடிக்கல் நாட்டிக்கொண்டிருந்தது. கம்பர்லண்டுக்கு ரயில் 1842-லேயே போய்ச் சேர்ந்துவிட்டது. கால்வாய் 1850-ல்தான் போனது, அதற்கு மேல் நகரவில்லை. பெயரில் இருக்கும் ஓஹையோ ஆற்றை அது எட்டவே இல்லை.

இருந்தாலும் 1924-ல் வெள்ளம் வந்து முடித்துவைக்கும்வரை நிலக்கரிப் படகுகள் ஓடின. படகுக்காரர் குடும்பத்தோடு படகிலேயே குடியிருந்தார். பிள்ளைகள் படகை இழுக்கும் கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டு கரையில் நடந்தன. ஓய்வெடுக்கும் கழுதைகளுக்குப் படகின் முன்பக்கமே லாயம்.

வயதானவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இந்த வாய்க்கால்ல எத்தனை ஏக்கர் பாசனம்?" ஒரு ஏக்கர்கூட இல்லை. இது சரக்குப் போக்குவரத்துக்காக வெட்டியது. சென்னைக்காரர் என்றால் பக்கிங்காம் கால்வாயைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார். ஒரு காலத்தில் அதிலும் சரக்குப் படகுகள்தானே போய்வந்தன! தண்ணீர் விஷயம் ஒன்றையும் சேர்த்துச் சொல்லலாம்: வாஷிங்டன் நகரத்தின் குடிநீருக்கு ஆற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் இடங்களில் கிரேட் ஃபால்ஸும் ஒன்று. பழுதுபார்ப்பதற்காகக் கால்வாயின் சில பகுதிகளை அவ்வப்போது வடித்துவிடுவதும் வழக்கம். வெறும் சேற்றைப் பார்த்து "ஏமாற்றிவிட்டார்கள்" என்று திரும்பிவிடாதீர்கள். சொல்லப்போனால் லாக்கின் அடிச்சுவரும் கல் அடுக்கும் அப்போதுதான் நன்றாகத் தெரியும்.

இனி சொல்லப்போவதில் விளையாட்டுக்கு இடமில்லை. ஆற்றில் காலை நனைக்காதீர்கள். ஒகேனக்கலிலும் குற்றாலத்திலும் குளித்துப் பழகிய நமக்கு, பாறையும் தண்ணீரும் ஒன்றாகத் தெரிந்தால் கால் தானாக இறங்கும். போட்டோமாக் இந்த இடத்தில் குறுகிய பள்ளத்தாக்கில் நெருக்கிக்கொண்டு ஓடுகிறது. மேலே அமைதியாகத் தெரியும் நீருக்கு அடியில் இழுப்பு இருக்கும். இங்கே நீந்துவதும் இறங்கி நடப்பதும் சட்டப்படி தடை, அப்படியிருந்தும் ஆட்கள் மூழ்கி இறக்கிறார்கள். குளிக்க இறங்கியவர்கள் மட்டுமல்ல, ஈரப் பாறையில் நின்று போட்டோ எடுக்கப் போய் வழுக்கியவர்களும் அதில் அடக்கம். இங்கே வெயில் அடித்தாலும், மேலே மலைப்பக்கம் பெய்த மழைக்கு ஆறு ஏறும். வெள்ளம் அதிகமானால் அருவியைப் பார்க்கப் போகும் ஓம்ஸ்டெட் தீவுப் பாலத்தையே மூடிவிடுவார்கள். மூடியிருந்தால் மூடியிருக்கிறது, தடுப்பைத் தாண்டாதீர்கள்.

லாக் ஓரத்திலும் கவனம் வேண்டும். கல் விளிம்பில் கைப்பிடி கிடையாது. தண்ணீர் இல்லாத லாக் என்றால் விழுகிற ஆழம் ஒரு ஆள் உயரத்துக்கு மேல். ஓடும் வயதுக் குழந்தையின் கையை விடாதீர்கள், கதவுமேல் ஏறி நடந்து காட்டும் மாமாக்களையும் கொஞ்சம் அடக்கிவையுங்கள்.

அடுத்து, யாரை எங்கே நடத்திக் கூட்டிப்போவது. பில்லி கோட் டிரெயில் என்ற நடைபாதையை நண்பர்கள் புகழ்ந்திருப்பார்கள். அதன் 'ஏ' பகுதி 1.7 மைல்தான். தூரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், பாறை பாறையாகக் கையை ஊன்றி ஏற வேண்டிய இடங்கள் அதில் இருக்கின்றன. சேலையும் செருப்புமாக வந்த அம்மாவை, முழங்கால் வலியோடு இருக்கும் அப்பாவை அதில் இறக்கிவிட்டால் பாதி வழியில் முன்னேயும் போக முடியாது, திரும்பவும் முடியாது. அவர்களுக்குக் கால்வாய்க் கரைப் பாதையே போதும். கழுதைகள் நடக்கப் போட்ட பாதை என்பதால் லாக் பக்கத்துச் சின்ன ஏற்றங்களைத் தவிர சமதளம்தான், ஸ்ட்ரோலரும் போகும். ஓம்ஸ்டெட் தீவின் பலகைப் பாதையும் அப்படியே, அதன் கோடியில் நின்றால் அருவி கண் முன்னே. சைக்கிள்காரர்கள் மணியடித்தால் ஒரு பக்கமாக ஒதுங்குங்கள். ஐந்து பேர் கைகோத்துப் பாதையை அடைத்து நடப்பது நமக்கு வழக்கம், அவர்களுக்கு எரிச்சல்.

சாப்பாட்டுக்கு வருவோம். அங்கே போய் ஏதாவது வாங்கிக்கொள்ளலாம் என்று வெறுங்கையோடு போகாதீர்கள். மேசைகள் முதலில் வந்தவருக்கு, அதனால் ஒரு ஜமுக்காளம் கையில் இருப்பது நல்லது. பெரிய கும்பலாகப் போவதென்றால் அனுமதி வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இந்தப் பூங்காவில் குப்பைத்தொட்டி இருக்காது, கொண்டுவந்ததை நீங்களே திரும்ப எடுத்துப்போக வேண்டும். இது தெரியாமல் சாம்பார், கூட்டு, பேப்பர் தட்டு என்று போனால், ஒழுகும் பையோடு காரில் திரும்ப வேண்டியிருக்கும். எலுமிச்சை சாதம், சப்பாத்தி ரோல், உருளைக்கிழங்கு வறுவல் மாதிரி கட்டுச்சோறு ரகமே இங்கே சரிப்படும். தட்டு எவர்சில்வராக இருந்தால் குப்பையே சேராது. கூடவே கெட்டியான இரண்டு பைகள். மிச்சச் சோற்றை வாத்துக்குப் போட்டால் புண்ணியம் என்று பாட்டி சொல்வார். வேண்டாம். பழக்கப்பட்ட வாத்து அடுத்த குடும்பத்தின் தட்டுக்கே வந்துவிடும், விதியும் தடுக்கிறது.

புல்லில் உட்கார்ந்து எழுந்தவர்கள் வீட்டுக்கு வந்ததும் கணுக்கால், முழங்கால் மடிப்பு, இடுப்பு, தலைமுடி ஓரம் எல்லாம் பார்க்க வேண்டும். மேரிலாந்தில் உண்ணி உண்டு, அது லைம் நோயைப் பரப்பும். குழந்தையைக் குளிக்க வைக்கும்போதே பார்த்துவிடலாம். மூன்று மூன்று இலையாக மரத்தைச் சுற்றி ஏறும் பாய்சன் ஐவி கொடியைத் தொட்டால் தோல் தடித்து அரிக்கும், அதனால் பூஜைக்கு இலை பறிக்கும் கையைக் கொஞ்சம் கட்டிப்போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

கால்வாய் பிடித்துப்போனால் அடுத்த முறை அருவி இல்லாத பக்கம் போங்கள், கூட்டமும் குறைவு. மோனோகசி ஆற்றின்மேல் ஏழு வளைவுகளில் கால்வாயையே தூக்கிக் கொண்டுபோன கல்பாலம் இருக்கிறது. இன்னும் தூரம் போகத் தயாரென்றால் கால்வாய் மலைக்குள் புகுந்து போகும் 3,118 அடி நீளமுள்ள பா பா சுரங்கம். உள்ளே விளக்கு கிடையாது, பாதை குறுகல், தரை மேடுபள்ளம். ஃபோன் வெளிச்சத்தை நம்பாமல் ஆளுக்கொரு டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள்.