ஹோமிசைட் என்றால் கொலைக் குற்றமா?

'மரணம் கொலையே, மருத்துவ அதிகாரி உறுதி.' அமெரிக்காவில் யாராவது சந்தேகமான முறையில் இறந்துபோனால் தமிழில் இப்படித்தான் தலைப்பு வரும். சறுக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

உடலுக்கு என்ன ஆனது என்பது ஒரு கேள்வி. தலைக்காயம், மாரடைப்பு என்று அதற்குப் பதில் வரும். அது எந்த வகையில் நேர்ந்தது என்பது வேறு கேள்வி. இயற்கை, விபத்து, தற்கொலை, ஹோமிசைட், தீர்மானிக்க இயலவில்லை என்று அதற்குப் பொதுவாக ஐந்து பதில்கள்தான். ஹோமிசைட் என்றால் இன்னொருவர் செயலால் உயிர் போனது, அவ்வளவே. அது குற்றமா, தற்காப்பா என்று முடிவு செய்வது நீதிமன்றம். டெக்சஸில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டவர்களின் இறப்புச் சான்றிதழிலும் ஹோமிசைட் என்று எழுதியதுண்டு!

2009-இல் மைக்கேல் ஜாக்சன் இறந்தபோது புரோபோஃபால் மயக்க மருந்து முக்கியக் காரணம் என்றும், வகை ஹோமிசைட் என்றும் லாஸ் ஏஞ்சலிஸ் கரோனர் (மரண விசாரணை அதிகாரி) அலுவலகம் சொன்னது. ஆனாலும் அவருடைய மருத்துவர் கான்ராட் முர்ரே மீது கொலை வழக்கு பாயவில்லை. உள்நோக்கமின்றி மரணம் விளைவித்ததாக 2011-இல் நான்கு ஆண்டு தண்டனை பெற்றார். 2020-இல் போலீஸ் பிடியில் இறந்த ஜார்ஜ் ஃபிளாய்டின் மரணத்தை ஹோமிசைட் என்று அறிவித்த ஹெனபின் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) மரண விசாரணை அலுவலகமும், குற்றப் பொறுப்பையோ நோக்கத்தையோ பற்றிய சட்ட முடிவு அல்ல இது என்று அதே அறிக்கையில் எழுதியிருந்தது. அந்த வரியைத் தமிழில் படித்த நினைவு எனக்கில்லை.

கரோனரும் மெடிக்கல் எக்ஸாமினரும் ஒருவரே என்று நினைப்பதும் தவறு. எக்ஸாமினர் பெரும்பாலும் நியமிக்கப்பட்ட மருத்துவர். கரோனரைப் பல கவுண்டிகளில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் டாக்டராக இருக்க வேண்டுமென்ற கட்டாயம் பல மாநிலங்களில் கிடையாது. நாடு முழுக்க ஒரே சட்டமும் இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்காலியா 2016-இல் டெக்சஸ் பண்ணை ஒன்றில் இறந்தார். உள்ளூர் கவுண்டி நீதிபதி நேரில் போகாமல் தொலைபேசியிலேயே இயற்கை மரணம் என்று அறிவித்தார், உடற்கூறாய்வு நடக்கவேயில்லை. சட்டப்படி அதில் தவறில்லை என்பதுதான் வேடிக்கை.

அங்கே வாழும் நம்மவர்கள் கவனிக்க வேண்டியதும் உண்டு. குடும்பத்தார் கையெழுத்துப் போடாவிட்டால் போஸ்ட்மார்ட்டம் செய்ய மாட்டார்கள் என்று நம்பாதீர்கள். சந்தேக மரணத்தில் சம்மதம் தேவையில்லை. கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற சில மாநிலங்களில் மத நம்பிக்கையைக் காட்டி ஆட்சேபிக்கலாம். கொலைச் சந்தேகம் இருந்தால் அதுவும் எடுபடாது. சான்றிதழில் 'பெண்டிங்' (முடிவு நிலுவையில்) என்றிருந்தால் பதற வேண்டாம். ரத்தப் பரிசோதனை முடிவு வர வாரக்கணக்காகும். பெரும்பாலும் அதற்கு முன்பே உடலைக் கொடுத்துவிடுவார்கள்.