வேலைக்குச் சைக்கிளில் போகிறீர்களா? பை வாங்குமுன் இதைப் படியுங்கள்

பக்கத்து வீட்டுப் பெண் போன மாதம் புதிதாக வேலைக்குச் சேர்ந்தாள். பஸ்ஸுக்கு நின்று நின்று அலுத்துப்போய், அண்ணன் ஓட்டாமல் போட்டுவைத்திருந்த கியர் சைக்கிளைத் துடைத்து எடுத்துக்கொண்டாள். "அக்கா, இதுல எந்த பேக் நல்லாருக்கும்?" என்று போனை நீட்டினாள். திரையில் ஏழெட்டுப் பைகள். நான் அதைப் பார்க்காமல், "உன் சைக்கிள்ல கேரியர் இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கும்னு நினைக்கிறேன்" என்றாள்.

பை வாங்குகிற எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். பையைத் தாங்கப்போவது முதுகா, சைக்கிளா என்று முடிவாகாமல் பையைத் தேடிப் பயனில்லை. நான் நாலு வருஷமாகச் சேலத்தில் கன்னங்குறிச்சியிலிருந்து அஸ்தம்பட்டி, ஐந்து ரோடு வழியாக ஜங்ஷன் பக்கம் போய்வருகிறேன். இப்போது இருப்பது மூன்றாவது பை. முதல் இரண்டும் பரணில்.

1. பாயை விரித்து எல்லாவற்றையும் பரப்புங்கள்

ஒரு வேலைநாளில் என்னவெல்லாம் கொண்டுபோவீர்களோ அவ்வளவையும் எடுத்து வையுங்கள். என்னுடையது இது: லேப்டாப், சார்ஜர், டிபன் பாக்ஸ், குழம்பு டப்பா, ஒரு லிட்டர் தண்ணீர், மாற்று குர்த்தி, பூட்டு, மழைக்கோட்டு. மொத்தத்தையும் ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு எடை மிஷினில் ஏறுங்கள். பிறகு பை இல்லாமல் ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆறு கிலோ வந்தது. அலுவலகத்திலேயே ஒரு சார்ஜரை வைத்துவிட்டு, பாட்டிலையும் காலியாகக் கொண்டுபோக ஆரம்பித்ததும் நாலரைக்கு இறங்கியது. பை வாங்காமலே ஒன்றரை கிலோ லாபம்.

கடையில் பையின் அளவை லிட்டரில் சொல்வார்கள். குழம்ப வேண்டாம், வீட்டுக்கு வருகிற தண்ணீர் கேன் 20 லிட்டர். லேப்டாப், சாப்பாடு, ஒரு செட் துணிக்கு 20 முதல் 25 லிட்டர் போதும். அதற்கு மேல் வாங்கினால் மிச்ச இடம் சும்மா இருக்காது, எதையாவது போட்டு அடைப்போம்.

2. சைக்கிளை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள்

பை உட்கார மூன்று இடங்கள்தான் உண்டு: உங்கள் முதுகு, முன்கூடை, பின் கேரியர்.

முதுகில் மாட்டுவது சுலபம், செலவும் இல்லை. குழியில் இறங்கும்போது அதிர்ச்சியை உடம்பு வாங்கிக்கொள்வதால் லேப்டாப்புக்கு அதுதான் பத்திரம் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் மாசி கழிந்த பிறகு சேலத்து வெயிலில் முதுகுப்பையோடு எட்டு கிலோமீட்டர் மிதித்துப் பாருங்கள். பையை இறக்கும்போது அதன் வடிவத்திலேயே சட்டை நனைந்திருக்கும். காலையில் எனக்கு இறக்கம், சமாளித்துவிடலாம். சாயங்காலம் ஏற்காட்டு மலையைப் பார்த்தபடி ஏற்றம். அப்போது தோளில் தொங்குகிற ஒவ்வொரு கிலோவும் இரண்டாகத் தெரியும். மூன்று கிலோவுக்குள், நாலைந்து கிலோமீட்டர் தூரம் என்றால் முதுகுப்பை போதும். அப்படியானால் நெஞ்சுக்குக் குறுக்கே பூட்டும் வார் உள்ளதாகப் பாருங்கள். அது இல்லாவிட்டால் குனிந்து மிதிக்கும்போது பை பக்கவாட்டில் சரியும்.

லேடீஸ் சைக்கிளின் முன்கூடை கீரைக்கட்டுக்கும் பூவுக்கும் நல்லது. பெரும்பாலான கூடைகள் ஹேண்டில்பாரோடு சேர்ந்து திரும்புகிறவை. கனத்தைப் போட்டால் திருப்பத்தில் ஹேண்டில் தானாக இழுக்கும், ஸ்டாண்டு போட்டதும் முன்சக்கரம் திரும்பிச் சாயும். லேப்டாப்பை அதில் வைக்காதீர்கள்.

என் ஓட்டு பின் கேரியருக்கு. எடை கீழே இருக்கும், முதுகு காயும். பழைய மாடல் சைக்கிளில் கேரியர் கூடவே வரும். கியர் சைக்கிளில் பெரும்பாலும் இருக்காது. பின்சக்கர அச்சுக்குப் பக்கத்தில் ஃபிரேமில் சின்னத் திருகு ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நட்டு போல்ட்டு போட்டு முடுக்குகிற கேரியர் மாட்டலாம், அதுதான் உறுதி. இல்லாவிட்டால் சீட்டுத் தண்டில் கவ்வுகிற வகை உண்டு, ஆனால் அது குறைந்த எடைக்குத்தான். டிஸ்க் பிரேக் இருந்தால் எல்லாக் கேரியரும் பொருந்தாது. பிரேக்கின் உடம்பு வழியில் நிற்கும். அளவெடுத்துக்கொண்டு போகாமல் சைக்கிளையே கடைக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

3. பையைத் தேர்ந்தெடுப்பது

கேரியர் தயாரானதும் இரண்டு வழி. கையில் இருக்கும் ஆபீஸ் பையையே படுக்கவைத்து ரப்பர் கயிற்றால் கட்டுவது ஒன்று. பழைய ட்யூபை நீளமாக வெட்டிக் கேட்டால் சைக்கிள் கடையில் தருவார்கள், அதைப்போல இறுக்கிப் பிடிக்கிற கயிறு வேறு இல்லை. இதில் ஒரு சிக்கல்: குழம்பு டப்பாவும் படுத்துவிடும். எனக்கு ஒரு திங்கட்கிழமை மோர்க்குழம்பு லேப்டாப்புக்குள் இறங்கிய கதை உண்டு. அந்த வாரம் முழுக்க அலுவலகத்தில் என்னைப் பார்த்ததும் சிரித்தார்கள்.

இன்னொன்று, கேரியரின் பக்கவாட்டில் கொக்கியால் தொங்கவிடுகிற சைடு பேக். இணையக் கடைகளில் பேனியர் என்று தேடினால் கிடைக்கும். டப்பா நின்றபடியே வரும். ஒரு பை மட்டும் என்றால் இடப்பக்கம் மாட்டுங்கள். செயினும் கிரீஸும் வலப்பக்கம், லாரியும் பஸ்ஸும் உரசிக்கொண்டு போவதும் வலப்பக்கம். ஒற்றைக்கால் ஸ்டாண்டு உள்ள சைக்கிளும் இடப்பக்கம்தான் சாய்ந்து நிற்கும். கனமான பை தொங்கினால் அப்படியே கவிழும். ஸ்டாண்டு போடுவதற்கு முன் பையைக் கழற்றிவிடுங்கள், அல்லது சுவரில் சாத்துங்கள்.

வாங்கும்போது குதிகால் சோதனை கட்டாயம். பையை மாட்டி, யாரையாவது சைக்கிளைப் பிடிக்கச் சொல்லி ஏறி உட்கார்ந்து, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். பெடல் பின்னால் வந்து கிடைமட்டமாக நிற்கும்போது குதிகாலுக்கும் பைக்கும் நடுவே இரண்டு விரலாவது இடைவெளி வேண்டும். செருப்போடு பாருங்கள், வேலைக்குப் போடுகிற அதே செருப்போடு. என் இரண்டாவது பை பரணுக்குப் போனது இதனால்தான்.

அப்புறம், தொங்குகிற வார்கள். ஒருமுறை அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் பையின் நாடா ஸ்போக்ஸில் சுற்றி, பின்சக்கரம் நின்றே போனது. விழவில்லை, காலூன்றிவிட்டேன். நாடாவை அறுத்து எடுத்த சைக்கிள் கடை அண்ணா, "ஏம்மா, பைக்கு எதுக்கு இத்தனை வாலு?" என்றார். அன்றே கத்தரிக்கோலால் மீதி நீளத்தை வெட்டி, நுனியை மெழுகுவத்தியில் காட்டிப் பிரியாமல் செய்தேன். துப்பட்டாவுக்கும் புடவைத் தலைப்புக்கும் இதே எச்சரிக்கைதான்.

4. துணியும் மழையும்

பையில் தொங்குகிற விவரச் சீட்டில் 600டி என்று போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். டி என்பது டீனியர். 9000 மீட்டர் நூலின் எடை 600 கிராம் என்று அர்த்தம். எண் கூடக்கூட நூல் தடிமன். தினப்படிக்கு 600 தாங்கும். எண்ணைவிட ஜிப்பைத்தான் நான் பார்ப்பேன். ரன்னரை மூலை திரும்பும் இடத்தில் இரண்டு தரம் இழுத்துப் பாருங்கள். அங்கே சிக்கினால் மூன்றே மாதத்தில் பல் விடும்.

மலைமேல் கறுத்தால் அது கன்னங்குறிச்சிக்கு வர அதிக நேரம் ஆகாது. பையோடு தருகிற ரெயின் கவர் மேலிருந்து வரும் மழைக்குத்தான். மட்கார்டு இல்லாத சைக்கிளில் பின்சக்கரம் கீழேயிருந்து சேற்றை வாரி அடிக்கும். வாயை மூன்று சுற்று சுருட்டிப் பூட்டுகிற பை இருக்கிறது, மழைக்கு அதை மிஞ்ச எதுவுமில்லை, விலையும் அப்படித்தான். நான் செய்தது வேறு: குழந்தைக்கு அடியில் விரிக்கிற ரப்பர் ஷீட்டை வாங்கி, பை தைக்கிறவரிடம் கொடுத்து லேப்டாப் அளவுக்கு உறை தைத்துக்கொண்டேன். மூன்று மழைக்காலம் தாங்கிவிட்டது.

பின்விளக்கையும் சிவப்பு ரிஃப்ளெக்டரையும் பை மறைக்கிறதா என்று இருட்டில் பின்னால் நின்று பாருங்கள். மறைத்தால் விளக்கைப் பையின்மேல் மாட்டுங்கள்.

5. ஞாயிற்றுக்கிழமை ஓட்டம்

லேப்டாப்புக்குப் பதில் இரண்டு கிலோ அரிசிப் பொட்டலம், டப்பாவில் குழம்புக்குப் பதில் தண்ணீர். போகிற வழியிலேயே ஒரு தரம் போய்வாருங்கள். வீட்டுக்கு வந்து அரிசி நனைந்திருக்கிறதா, கொக்கி தளர்ந்திருக்கிறதா, குதிகால் தட்டியதா என்று பார்த்துவிடலாம்.

பக்கத்து வீட்டுப் பெண் மூக்கனேரி வரை போய்த் திரும்பினாள். அரிசி காய்ந்திருந்தது, குதிகால் மட்டும் உரசியது. கொக்கியை இரண்டு விரல் பின்னால் தள்ளி முடுக்கினோம். திங்கட்கிழமை காலை பை அசையாமல் போனது. துப்பட்டாவை முடிச்சுப் போடத்தான் மறந்திருந்தாள். தெருமுனை வரை ஓடிப்போய் நிறுத்திச் சொல்ல வேண்டியிருந்தது.