முதல் அத்தியாயத்தை நம்பாதீர்கள்: புரோகிராமிங் புத்தகம் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் மேசையில் போன மாதம் சி என்ற புரோகிராமிங் மொழிக்கான ஒரு புத்தகத்தைப் பார்த்தேன். முதல் இருபது பக்கம் வரை பென்சில் கோடுகள், ஓரத்தில் குறிப்புகள். அதற்கப்புறம் ஒரு தாள்கூடப் புரட்டிய மாதிரி தெரியவில்லை. “எனக்கு கோடிங் வராது போலிருக்கு அண்ணா” என்றார். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழனிடம் நான் சொன்னதும் இதேதான். அதுவும் இதே புத்தகத்தை வைத்துக்கொண்டு.

விலை, அச்சு, காகிதம் பற்றி இங்கே பேசப்போவதில்லை. புத்தகம் யாருக்காக எழுதப்பட்டது என்று கண்டுபிடிப்பதில் நடக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

தடிமனைப் பார்த்து முடிவு செய்வது

ஒல்லியாக இருந்தால் புதியவர்களுக்கு, தடியாக இருந்தால் அனுபவசாலிகளுக்கு என்று நினைக்கிறோம். பெரும்பாலும் நேர்மாறு. சி++ மொழியை உருவாக்கிய பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரூப் இரண்டு தரப்புக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறார். புரோகிராமே எழுதியிராத மாணவர்களுக்காக 2008இல் அவர் எழுதிய புத்தகம் 1,200 பக்கத்தைத் தாண்டும். வேறு மொழியில் ஏற்கெனவே எழுதிப் பழகியவர்கள் சி++ஐ ஒரு சுற்று பார்த்துவர அவர் எழுதியதோ, முதல் பதிப்பில் 200 பக்கத்துக்குள் முடிந்துவிட்டது. தெரிந்தவருக்கு எது மாறுகிறது என்று சொன்னால் போதும். தெரியாதவருக்கு ஒவ்வொரு படியிலும் நின்று சொல்ல வேண்டும், அதற்குப் பக்கம் வேண்டும்.

தலைப்பில் ‘அறிமுகம்’ என்று இருப்பது

எதற்கு அறிமுகம் என்று கேளுங்கள். 1990இல் வெளிவந்து இன்றும் உலகம் முழுக்கப் பாடமாக இருக்கும் ஒரு பெரிய அல்காரிதம் (கணக்கைத் தீர்க்கும் படிப்படியான வழிமுறை) புத்தகத்தின் பெயரிலேயே அறிமுகம் இருக்கிறது. ஆனால் படிப்பவருக்குப் புரோகிராமிங் அனுபவமும், கணித நிரூபணங்களில் ஓரளவு பழக்கமும் இருக்க வேண்டும் என்று அதன் முன்னுரை எதிர்பார்க்கிறது. அல்காரிதத்துக்குத்தான் அது அறிமுகம்.

முதல் அத்தியாயத்தை மட்டும் புரட்டிப் பார்ப்பது

என் ஒரு வருஷத்தைத் தின்ற தவறு இது. யாராவது இதையே செய்வதைப் பார்த்தால் இன்றும் மனசு பொறுக்கவில்லை.

கடையில் நின்றபடி பிரையன் கெர்னிகனும் டெனிஸ் ரிச்சியும் எழுதிய சி புத்தகத்தின் முதல் பத்துப் பக்கத்தைப் புரட்டினேன். திரையில் ‘ஹலோ வேர்ல்டு’ எழுதும் நாலு வரி புரோகிராம், அப்புறம் ஃபாரன்ஹீட்டை செல்சியஸாக மாற்றும் அட்டவணை. எல்லாம் புரிந்தது. வாங்கிவிட்டேன். லேபில் தட்டிப் பார்த்தேன், ஓடியது. அடுத்த சில பக்கங்களில் கீபோர்டிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக வாங்கும் வைல் லூப் (நிபந்தனை பொருந்தும்வரை திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) வந்தது. ஒரே வரியில் எழுத்தை வாங்கி, வேரியபிளில் (மதிப்பை வைத்துக்கொள்ளும் பெயரிட்ட இடம்) போட்டு, முடிந்துவிட்டதா என்றும் பார்த்துவிடுகிறார்கள். எழுத்தை வைக்கும் வேரியபிள் ஏன் எழுத்துக்கான ‘கேர்’ வகையாக இல்லாமல் முழு எண்ணுக்கான ‘இன்ட்’ வகையாக இருக்கிறது என்பதற்கு ஒரு சின்னப் பத்தியில் விளக்கம் உண்டு. அதை நாலு தடவை படித்தும் எனக்குப் பிடிபடவில்லை. பயிற்சிக் கணக்குகளுக்கு விடையும் புத்தகத்தில் இல்லை. நமக்கு மூளை போதாது என்று முடிவு கட்டினேன். அந்த வருஷம் முழுக்க, புரோஜெக்டில் கோடு எழுதும் வேலையை நண்பர்களிடம் தள்ளிவிட்டு அறிக்கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தேன்.

அற்புதமான புத்தகம் அது, இன்றும் எடுத்துப் படிக்கிறேன். நான்தான் முன்னுரையைத் தாண்டிப் போய்விட்டேன். வேரியபிள், லூப், ஃபங்ஷன் போன்றவை ஓரளவு தெரிந்தவர்களுக்கான புத்தகம் என்றும், புதியவரும் படிக்கலாம், ஆனால் விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் உதவியாக இருக்கும் என்றும் அதில் நேர்மையாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

புரோகிராமிங் புத்தகங்களின் முதல் பக்கங்கள் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும். இன்ஸ்டால் செய், ஒரு வரி அச்சிடு, இரண்டு எண்ணைக் கூட்டு. ஆசிரியர் யாரை மனதில் வைத்து எழுதுகிறார் என்பது அதில் தெரியாது. அவர் போகிறபோக்கில் சொல்லும் வாக்கியங்களில் தெரியும். அதே வெப்பநிலை அட்டவணையில், 5/9 என்று நேரடியாகப் பெருக்காமல் முதலில் 5ஆல் பெருக்கிப் பிறகு 9ஆல் வகுக்கிறார்கள். காரணமும் சொல்கிறார்கள்: மற்ற பல மொழிகளைப் போலவே சியிலும் முழு எண்களை வகுத்தால் பின்னப் பகுதி விழுந்துவிடும். ‘மற்ற பல மொழிகளைப் போலவே’ என்ற இடத்தைக் கவனியுங்கள். வேறு மொழி தெரிந்த ஒருவரிடம்தான் அப்படிப் பேசுவார்கள். கடையில் என் கண் அந்த வரியில் பட்டிருக்கும், அது என்னிடம் பேசவில்லை என்பது மட்டும் உறைக்கவில்லை.

அதனால் முன்னுரையைப் படித்துவிட்டு, புத்தகத்தின் மூன்றில் ஒரு பங்கில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறங்கள். விளக்கம் இல்லாமல் வரும் சொற்களை எண்ணுங்கள். ஒன்றிரண்டு புதிதாக இருந்தால் பரவாயில்லை. வரிக்கு வரி இடறினால் முன்னால் வந்த பக்கங்களில் அவை சொல்லப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். சொல்லப்பட்டிருந்தால் நீங்கள் அதை வரிசையாகப் படித்துப் போகலாம். இல்லையென்றால் அது இப்போதைக்கு உங்களுக்கானது இல்லை. அப்புறம் எரர் மெசேஜ் எங்காவது காட்டப்படுகிறதா என்று பாருங்கள். ஒரு செமிகோலனை விட்டுவிட்டால் கம்பைலர் (நாம் எழுதும் கோடைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் புரோகிராம்) என்ன சொல்லும், அதை எப்படி வாசிப்பது என்று எழுதுகிறவர் புதியவரோடு உட்கார்ந்து பழகியவர். பயிற்சிகளையும் பாருங்கள். “மேலே உள்ள புரோகிராமில் இந்த ஒன்றை மாற்று” என்று கேட்பது புதியவருக்கு ஏற்ற வகை. வெற்றுத் தாளைக் கொடுத்து “இதை எழுது” என்பது பழகியவருக்கான வகை.

அந்தப் பெண்ணிடமும் இப்படி மூன்று புத்தகங்களைத் திறந்து பார்க்கச் சொன்னேன். தனக்கு ஏற்றதை அவரே அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டார்.

நட்சத்திர மதிப்பெண்

“ரொம்ப எளிமை” என்று எழுதியவருக்கு எத்தனை வருஷ அனுபவம் என்று தெரியாதவரை அது உங்களுக்குப் பயன்படாது.

பழைய பதிப்பு

பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 முதல் நின்றுவிட்டது. பிரிண்ட் கட்டளையை அடைப்புக்குறி இல்லாமல் எழுதும் பைத்தான் 2 புத்தகத்தைப் புதியவர் கையில் கொடுக்காதீர்கள்.

அனுபவசாலிகள் செய்யும் தவறு

புது மொழிக்குப் போகும்போது ‘எதற்கும் அடியிலிருந்தே தொடங்கலாம்’ என்று தொடக்கநிலைப் புத்தகம் வாங்குகிறார்கள். இஃப், லூப் என்று 150 பக்கம் போனதும் கவனம் கலைந்து, அந்த மொழிக்கே உரிய விஷயம் வரும் இடத்தில் கண்ணை ஓட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ரஸ்ட் மொழி கற்க வந்த என் சக ஊழியருக்கு இதுதான் நடந்தது. ரஸ்டுக்கே உரிய ஓனர்ஷிப் (எந்த மதிப்பு எந்த வேரியபிளுக்குச் சொந்தம் என்ற விதிகள்) அத்தியாயத்தை மேலோட்டமாகப் படித்துவிட்டு, இரண்டு வாரம் கம்பைலரோடு மல்லுக்கட்டினார். ரஸ்டின் அதிகாரபூர்வப் புத்தகம் வேறு ஏதாவது ஒரு மொழியில் எழுதிய அனுபவம் இருப்பவர்களுக்கானது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது, இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. கடைசியில் அதன் 4ஆம் அத்தியாயத்திலிருந்து அவரை மறுபடி தொடங்கச் சொன்னேன்.