நனைந்த காலணியும் குளிர்ந்த பாதமும்

நல்ல தோலில் தைத்த பூட்ஸ் ஒன்றை ஒரே இரவில் நானே பாழாக்கியிருக்கிறேன். உருகிய பனிச்சேற்றில் நாள் முழுவதும் நடந்துவிட்டு வந்து, மறுநாள் காலைக்குள் எப்படியாவது காய்ந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், அதைச் சூடான ஹீட்டரின் மேல் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் ஈரம் போயிருந்தது. ஆனால் விரல்கள் மடியும் இடத்தில் தோல் மரப்பட்டை போல விறைத்திருந்தது. கையால் வளைத்தவுடன் நூலிழை அளவுக்கு ஒரு வெடிப்பு விட்டது. அதன் பிறகு எந்த க்ரீமைத் தேய்த்தும் அந்த வெடிப்பு மூடவில்லை. ஒரு பருவம் முழுவதும் மழையும் பனியும் செய்யாத சேதத்தை அந்தச் சூடு எட்டு மணி நேரத்தில் செய்துவிட்டது. ஆகவே இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி, வெளியே நடக்கும் நேரத்தைவிட வீடு திரும்பிய பிறகான நேரத்தைப் பற்றியதாகவே இருக்கும்.

தோல் என்பது கொலாஜன் என்னும் புரத இழைகள் பின்னிக் கிடக்கும் ஒரு விரிப்பு. பதனிடும்போது அந்த இழைகளுக்கு நடுவே எண்ணெயும் கொழுப்பும் ஏற்றப்படுகின்றன. இழைகள் ஒன்றையொன்று உரசாமல் வழுக்கி நகர்வதால்தான் நாம் காலை மடக்கும்போது தோலும் உடன் மடங்குகிறது. உள்ளே புகுந்த நீர் வெளியேறும்போது அந்த எண்ணெயில் ஒரு பங்கை இடம்பெயர்த்துவிட்டுப் போகிறது. மெதுவாக உலர்ந்தால் இழப்பு குறைவு. சூட்டில் சட்டென்று உலர்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விறைக்கின்றன. அதோடு, நனைந்த தோல் காய்ந்த தோலைப் போலச் சூடு தாங்காது. மரப்பட்டைச் சாறு போன்ற தாவரப் பொருள்களில் பதனிட்ட தோல், ஈரமாக இருக்கும்போது 70 முதல் 85 டிகிரி செல்சியஸிலேயே சுருங்கத் தொடங்கிவிடும். அப்படிச் சுருங்கியது மீண்டும் விரியாது. காலணியின் அடிப்பகுதியான சோல் ஒட்டியிருக்கும் பசையும் சூட்டில் இளகும் என்பதை மறந்துவிடக் கூடாது.

இனி, உலர்த்தும் முறை. வாசலிலேயே நின்று லேஸை மேலிருந்து கீழ்வரை முழுவதுமாகத் தளர்த்திய பிறகு காலணியைக் கழற்ற வேண்டும். ஒரு காலின் குதியை மறு காலால் மிதித்து உருவுவது பலருக்குப் பழக்கம். ஊறிய தோல் இழுத்த இழுப்புக்கு நீண்டு கொடுக்கும் என்பதாலும், குதிப் பகுதியில் உள்ளே வைத்துத் தைத்திருக்கும் கெட்டி அட்டை ஈரத்தில் எளிதில் மடிந்துவிடும் என்பதாலும், நனைந்த நாளில் அந்தப் பழக்கம் கூடவே கூடாது. பிறகு சேற்றை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்; காய்ந்த பிறகு சுரண்டிக்கொள்ளலாம் என்று விட்டால், மண்துகள்கள் தோலின் மேற்பரப்பைக் கீறும். உள்ளே பாதம் பதியும் அட்டையான இன்சோல் கழற்றக்கூடியதாக இருந்தால் வெளியே எடுத்துத் தனியாகக் காயவிடுங்கள். காலணியின் நாக்கையும் நன்றாக முன்னால் இழுத்துவிட்டு வாயை அகலத் திறந்து வையுங்கள்.

உள்ளே திணிப்பதற்குப் பழைய செய்தித்தாளைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. வழவழப்பான வண்ண இதழ்களின் தாள் நீரை உறிஞ்சாது. மட்டமான, சொரசொரப்பான தாள்தான் வேண்டும். அதை இறுக்கமாக உருட்டாமல் தளர்வாகக் கசக்கி, விரல்முனை வரை தள்ளுங்கள். தோல் புடைக்கும் அளவுக்கு அடைத்தால் காலணி அந்த வடிவத்திலேயே உலர்ந்துவிடும். முக்கியமான நுட்பம் ஒன்றுதான்: முதல் தாளை ஒரு மணி நேரத்தில் மாற்றிவிட வேண்டும். வெளியே எடுக்கும்போது அது கனத்துச் சொதசொதவென்று இருக்கும். அதை இரவு முழுவதும் உள்ளே விட்டு வைத்தால், உறிஞ்சிய ஈரத்தோடு அங்கேயே கிடந்து பூஞ்சைக்கு வழி செய்யும். இரண்டாவது முறை இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மாற்றினால் போதும். உட்பகுதி வெளிர் நிறமாக இருந்தால் அச்சு மை ஒட்டும். அங்கே பழைய துண்டோ அச்சிடாத தாளோ நல்லது.

காலணியைத் தரையில் நிமிர்த்தி வைக்காமல் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். தோலால் ஆன சோல் என்றால் இது கட்டாயம், ஏனென்றால் அதிகமாக நீர் குடிப்பது சோல்தான், தரையோடு ஒட்டிக் கிடந்தால் கடைசியாகக் காய்வதும் அதுதான். மின்விசிறிக் காற்று படலாம். ஹீட்டர், அடுப்பு, முடி உலர்த்தும் கருவி, உச்சி வெயில் ஆகிய எதுவும் வேண்டாம். அறையின் வெப்பத்திலேயே முழுவதும் காய்வதற்கு ஒன்று முதல் இரண்டு நாள் பிடிக்கும். காய்ந்துவிட்டதா என்று மேலே தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. உள்ளே கையைவிட்டு விரல்முனைப் பகுதியில் புறங்கையை ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். சில்லென்று பட்டால் அங்கே இன்னும் நீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பாதி உலர்ந்த நிலையில், வார்னிஷ் பூசாத தேவதாரு மரத்தால் ஆன ஷூ அச்சு ஒன்றை உள்ளே செருகினால், மடிப்புச் சுருக்கங்கள் நீங்கி வடிவமும் நிற்கும், மிச்ச ஈரத்தையும் மரம் இழுத்துக்கொள்ளும்.

உலர்ந்த தோலுக்கு இழந்த எண்ணெயைத் திருப்பித் தர வேண்டும். இதில்தான் பலரும் அளவு மீறுகிறார்கள். தோலுக்கான க்ரீமை மெல்லிய துணியில் பட்டாணி அளவு எடுத்து வட்டமாகத் தேய்த்து, சிறிது நேரம் ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட்டால் போதும். மெழுகு பாலிஷ் தோலுக்குள் இறங்காது. மேலே படலமாக நின்று நீரைத் தடுப்பது மட்டுமே அதன் வேலை. எனவே முதலில் க்ரீம், அது உள்ளே இறங்கிய பிறகு மெழுகு என்பதே சரியான வரிசை. எண்ணெயும் கொழுப்பும் மெழுகும் கலந்த கெட்டியான களிம்புகள், சேற்றிலும் காட்டுப் பாதையிலும் உழைக்கும் முரட்டு பூட்ஸுக்கு ஏற்றவை. ஆனால் அவை நிறத்தைக் கருமையாக்கும், மெல்லிய தோலை அளவுக்கு மீறி நெகிழச் செய்யும். அலுவலகத்துக்கு அணியும் ஷூவில் அவற்றைப் பூசிவிட்டு, மறுநாள் பளபளப்பு வரவில்லையே என்று தேய்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

பனி விழும் ஊர்களில் சாலையில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்பு நீரோடு சேர்ந்து தோலுக்குள் புகுந்து, காய்ந்த பிறகு வெள்ளைக் கோடாக வெளியே பூக்கிறது. இது அழகைக் கெடுக்கும் கறை மட்டுமன்று. உப்பு தங்கிய இடத்தில் தோல் வறண்டு வெடிக்கும். ஒரு பங்கு வெள்ளை வினிகரில் இரண்டு பங்கு நீர் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து, கறை பட்ட இடத்தை மட்டும் துடைக்காமல் காலணியின் அந்த முழுப் பக்கத்தையும் துடைக்க வேண்டும். கறையை மட்டும் துடைத்தால் அதன் விளிம்பில் புதிதாக ஒரு கோடு விழும். பிறகு வெறும் நீரில் பிழிந்த துணியால் ஒரு முறை துடைத்து, மேலே சொன்னபடி உலர்த்துங்கள். அன்றைக்கே செய்தால் ஐந்து நிமிட வேலை; ஒரு வாரம் விட்டுவிட்டால் கறை முழுவதும் போவது அரிது.

வெல்வெட் போலிருக்கும் ஸ்வேட் தோலுக்கு க்ரீமும் மெழுகும் ஆகாது. அதைக் காயவிட்டு, அதற்கென்று விற்கும் பிரஷ்ஷால் ஒரே திசையில் சீவிவிட வேண்டும். என்னைக் கேட்டால், ஈரமான நாளில் ஸ்வேட்டை வெளியே எடுக்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் பராமரிப்பு.

கோர்-டெக்ஸ் போன்ற சவ்வு வைத்துத் தைத்த காலணிகளைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. சவ்வு இருப்பதால் வேறு எதுவும் செய்யத் தேவையில்லை என்று நினைக்கிறார்கள். சவ்வு நீர்த்துளியை உள்ளே விடாமல் வியர்வையின் ஆவியை மட்டும் வெளியே விடுகிறது. ஆனால் அந்த ஆவி வெளியேறுவதற்கு மேல்துணி வறண்டிருக்க வேண்டும். மேல்துணியின் நீர்விலக்கும் பூச்சு தேய்ந்துபோனால் துணி நீரைக் குடித்துவிடும், ஆவி போக வழியில்லாமல் உள்ளேயே நீராகிவிடும், அணிந்திருப்பவர் ஷூ ஒழுகுகிறது என்று நினைப்பார். நீரைத் தெளித்துப் பாருங்கள்: முத்து முத்தாக உருண்டோடினால் பூச்சு இருக்கிறது, கருத்து ஊறினால் அழுக்கைக் கழுவிவிட்டு, நீர்விலக்கும் ஸ்ப்ரேயை மெல்லியதாக இரண்டு முறை அடிக்க வேண்டும். அந்த ஸ்ப்ரேயின் நுண்துளிகள் நுரையீரலுக்குத் தீங்கானவை என்பதால், மூடிய அறையில் ஒருபோதும் அடிக்காதீர்கள். மொட்டை மாடியோ திறந்த முற்றமோதான் அதற்கு ஏற்ற இடம்.

தோல் காலணியில் நீர் நுழையும் இடங்கள் பெரும்பாலும் மூன்று: சோலும் மேல்தோலும் சேரும் விளிம்பு, மடிப்பில் விரியும் தையல் துளைகள், நாக்கின் இரு ஓரங்கள். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் மெழுகை எடுத்து அந்த விளிம்பையும் தையல்களையும் சுற்றித் தேய்ப்பது, மேற்பரப்பு முழுவதும் நான்கு தடவை பாலிஷ் போடுவதைவிடப் பயனுள்ளது. நாக்கு இரு பக்கமும் காலணியின் உடலோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறதா என்பதை வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். அதை வாங்கிய பிறகு சரிசெய்ய முடியாது.

அணிவதைப் பொறுத்தவரை, குளிர் என்றவுடன் இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு வழக்கமான அளவு ஷூவுக்குள் காலைத் திணிப்பதுதான் மிகவும் பரவலான பிழை. இறுக்கம் இரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது, வெதுவெதுப்பைத் தாங்கி நிற்கும் காற்றுப் படலத்தையும் நசுக்கிவிடுகிறது. விளைவாக, ஒரு சாக்ஸ் போட்டவரைவிட இரண்டு போட்டவரின் விரல்கள் முன்பாகவே மரத்துப்போகும். உள்ளே விரல்களைத் தாராளமாக அசைக்க முடிய வேண்டும், அதுவே அளவுகோல். பருத்தி சாக்ஸ் ஈரத்தைக் குடித்துக் காலோடு ஒட்டிக்கொள்ளும். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் ஈரமாகத் தோன்றாது, நனைந்த பிறகும் ஓரளவு சூட்டைக் காக்கும். பாதத்தின் வெப்பத்தில் ஒரு பங்கு தரை வழியாகவும் போகிறது என்பதால், கம்பளி இழைகளை அழுத்திச் செய்த ஃபெல்ட்டால் ஆன இன்சோல் ஒன்று நன்றாக உதவும்; அதை வைப்பதற்கும் ஷூவுக்குள் இடம் வேண்டும்.

சோலின் வரிகள் ஆழமாக இருப்பது சேற்றிலும் பொடிப்பனியிலும் பிடிமானம் தரும். வழவழப்பான பனிக்கட்டியில் வரிகளைவிட ரப்பரின் மென்மையே முக்கியம். குளிரில் ரப்பர் இறுகும், மலிவான கடின சோல்கள் இன்னும் வேகமாக இறுகும். அத்தகைய தரையில் அடியைச் சிறியதாக்கி, பாதம் முழுவதையும் ஒரே நேரத்தில் பதித்து நடக்க வேண்டும்.

கால் நனைந்து வெகுநேரம் அப்படியே இருந்தால், உறைபனி இல்லாத குளிரிலும் பாதத்தின் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் பாதிக்கப்படும். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளின் நீரில் நாள்கணக்கில் நின்ற போர்வீரர்களைத் தாக்கியதால் இதற்குப் ‘பதுங்குகுழிப் பாதம்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் பெயர் வந்தது. வெப்பநிலை 16 டிகிரி செல்சியஸ் இருந்தாலும் தொடர்ந்த ஈரம் இதை உண்டாக்கக்கூடும். பையில் காய்ந்த சாக்ஸ் ஒரு ஜோடி எப்போதும் இருக்கட்டும். கால் மரத்து, வெளிறி, தோல் ஊறிச் சுருங்கியிருந்தால், துடைத்து உலர்த்தி மெதுவாக வெதுவெதுப்பாக்குங்கள். தேய்க்கவோ நெருப்புக்கு அருகே நீட்டவோ வேண்டாம். உணர்வு திரும்பவில்லை என்றாலோ கொப்புளம் கண்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெளியிலிருந்து வரும் நீர் மட்டுமே ஈரம் ஆகாது. இரண்டு பாதங்களிலும் சேர்ந்து சுமார் 2,50,000 வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. காற்றே புகாத ரப்பர் பூட்ஸில் மாலைக்குள் உள்துணி நசநசத்துப்போவதற்கு அதுதான் காரணம். நாற்றத்தை உண்டாக்கும் பாக்டீரியாவும் அந்த ஈரத்தில்தான் பெருகுகிறது. ஒரே ஜோடியைத் தினமும் அணியாமல் இரண்டை மாற்றி மாற்றி அணிவது, எந்த வாசனைப் பொடியையும்விடச் சிக்கனமான தீர்வு.

பருவம் முடிந்து எடுத்து வைக்கும்போது, பாலியூரித்தேன் என்னும் பிளாஸ்டிக் வகையால் ஆன சோல் உள்ள காலணிகளை மட்டும் தனியாகக் கவனியுங்கள். காற்றின் ஈரம் அந்தப் பொருளைக் காலப்போக்கில் சிதைக்கிறது. அதிகம் அணியாமல் பெட்டியில் பத்திரப்படுத்திய பூட்ஸின் சோல், சில ஆண்டுகள் கழித்து வெளியே எடுத்து நடந்த முதல் நாளிலேயே பொடிப்பொடியாக உதிர்வது இதனால்தான். பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வைக்காமல், துணிப் பையில் போட்டுக் காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள். நீண்ட பயணத்துக்கு அணிந்து கிளம்பும் முன், கட்டை விரலால் சோலின் நடுப்பகுதியை அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ நகம் பட்ட இடத்தில் உதிர்ந்தாலோ அந்த ஜோடியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் புறப்படுங்கள்.