ஆஸ்கர் இயக்குநர் பரிந்துரை: நாலு பேர் சுலபம், அஞ்சாவது ஆளுக்குத்தான் மெனக்கெடணும்

ஆஸ்கரில் சிறந்த இயக்குநர் பிரிவுக்கு ஐந்து பேரைப் பரிந்துரைப்பார்கள். அந்த ஐந்து பெயரை முன்கூட்டியே ஊகிப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நான்கு பெயரைக் கிட்டத்தட்ட காப்பியே அடித்துவிடலாம். எப்படி என்று வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: ஓட்டுப் போடுவது யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

விருதை முடிவு செய்வது ஆஸ்கரை வழங்கும் அகாடமியின் உறுப்பினர்கள் எல்லோரும். ஆனால் பரிந்துரைக்கு ஓட்டுப் போடுவது இயக்குநர் பிரிவில் உள்ள சில நூறு பேர் மட்டும்தான். ஒவ்வொருவரும் ஐந்து பெயர் வரை விருப்ப வரிசைப்படி எழுதிக் கொடுப்பார்கள்.

சூட்சுமம் எண்ணுவதில் இருக்கிறது. அறுபது பேர் ஓட்டுப் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இடம் ஐந்து என்பதால் அறுபதை ஆறால் வகுத்து ஒன்றைக் கூட்டுவார்கள்: 11. பதினோரு சீட்டில் முதல் பெயராக வந்தவர் உள்ளே. மீதி 49 சீட்டில் அவர் பெயரே இல்லாவிட்டாலும் கவலை இல்லை. இன்னொருவர் நாற்பது சீட்டில் மூன்றாவதாக இருக்கிறார், முதலிடம் கொடுத்தவர்களோ மூன்றே பேர். முதலிடம் குறைவாக வாங்கியவர்களைச் சுற்றுச் சுற்றாகக் கழிப்பதால், இவர் ஆரம்பச் சுற்றிலேயே கழிந்துபோக வாய்ப்பு அதிகம். எல்லோருக்கும் ஓரளவு பிடித்தவரைவிட, சிலருக்கு வெறித்தனமாகப் பிடித்தவருக்குத்தான் இந்த முறை சாதகம்.

படி 2: டிசம்பரில் தொடங்கிப் பத்துப் பெயர் எழுதுங்கள்

கோல்டன் குளோப் பரிந்துரை, விமர்சகர் சங்கங்களின் விருது, ஜனவரி தொடக்கத்தில் வரும் பாஃப்டா (பிரிட்டிஷ் திரைப்பட விருது) நீள்பட்டியல், இவை போதும். விமர்சகர் விருதை மட்டும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடாதீர்கள். 2022-இல் நியூயார்க் திரைப்பட விமர்சகர் வட்டம் சிறந்த இயக்குநராகத் தேர்ந்தெடுத்தது நம்ம ராஜமௌலியை. இங்கே பலரும் ஆஸ்கர் பட்டியலிலும் அவர் பெயரைத் தேடினார்கள். வரவில்லை. விமர்சகர்கள் அகாடமியில் ஓட்டுப் போடுவதில்லை, அவ்வளவுதான்.

படி 3: சிறந்த படப் பிரிவை வைத்துச் சலியுங்கள்

சிறந்த படத்துக்கான இடங்கள் 2010 விழாவிலிருந்து ஐந்துக்கு மேல் போயின. அதற்குப் பிறகு 2025 விழா வரைக்கும், படம் அந்தப் பட்டியலில் இல்லாமல் இயக்குநர் மட்டும் நுழைந்தது மூன்றே முறை: பென்னட் மில்லர், பாவெல் பாவ்லிகோவ்ஸ்கி, தாமஸ் விண்டர்பெர்க். ஆகவே, சிறந்த படப் பட்டியலுக்கு வர வாய்ப்பே இல்லாத படத்தின் இயக்குநர் பெயரைத் தயங்காமல் அடித்துவிடுங்கள்.

படி 4: இயக்குநர் சங்கப் பட்டியலைக் காப்பி அடியுங்கள்

டி.ஜி.ஏ. எனப்படும் அமெரிக்க இயக்குநர் சங்கமும் ஐந்து பேரைப் பரிந்துரைக்கும். அந்தப் பட்டியலை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் அதில் ஒருவரை எடுத்துவிடுங்கள். ஏன் என்றால், 2021 முதல் 2025 வரை ஒவ்வொரு விழாவிலும் சங்கப் பட்டியலில் இருந்த ஒருவராவது ஆஸ்கரில் இல்லாமல் போய், அவர் இடத்தில் வேறொருவர் வந்திருக்கிறார்:

2021: ஆரோன் சார்கின் போனார், விண்டர்பெர்க் வந்தார்.
2022: டெனி வில்நெவ் போனார், ரியூசுகே ஹமாகுச்சி வந்தார்.
2023: ஜோசப் கொசின்ஸ்கி போனார், ரூபன் ஆஸ்ட்லண்ட் வந்தார்.
2024: கிரேட்டா கெர்விக், அலெக்சாண்டர் பெய்ன் இருவரும் போனார்கள், ஜஸ்டின் த்ரியே, ஜோனதன் கிளேசர் வந்தார்கள்.
2025: எட்வர்ட் பெர்கர் போனார், கொராலி ஃபர்ஷா வந்தார்.

சங்கத்தில் 19,000-க்கு மேல் உறுப்பினர்கள். தொலைக்காட்சி இயக்குநர்கள், உதவி இயக்குநர்கள், தயாரிப்பு மேலாளர்கள் எல்லாம் அதில் சேர்த்தி. பெரிய செட், பெரிய யூனிட் வைத்து எடுத்த படத்தின் உழைப்பு அவர்களுக்கு உடனே புரியும். அகாடமியின் இயக்குநர் பிரிவோ சின்னக் கூட்டம், வெளிநாட்டு இயக்குநர்களும் அதில் கணிசம். யாரை எடுப்பது என்று குழம்பினால், வசூலில் கலக்கிய ஸ்டூடியோ படத்துக்காரர் மேல்தான் நான் முதலில் கை வைப்பேன். கொசின்ஸ்கி, வில்நெவ், கெர்விக் மூவருமே அந்த ரகம்.

படி 5: காலி இடத்துக்குக் கேன்ஸ் திரைப்பட விழாவைப் பாருங்கள்

மேலே உள்ளே வந்த ஆறு பேரில் ஒருவர்கூட அமெரிக்கர் இல்லை. ஆஸ்ட்லண்டும் த்ரியேயும் கேன்ஸின் உச்ச விருதான தங்கப் பனை வென்றவர்கள். கிளேசருக்கு அங்கே இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் பிரீ. ஹமாகுச்சி, ஃபர்ஷா படங்களுக்குத் திரைக்கதை விருது. கொரோனாவால் 2020-இல் கேன்ஸ் வழக்கம்போல் நடக்கவில்லை, ஆனாலும் விண்டர்பெர்க் படம் அதன் தேர்வுப் பட்டியலில் இருந்தது. மே மாதமே பாதி விடை கைக்கு வந்துவிடுகிறது, நாம்தான் ஜனவரிக்குள் மறந்துவிடுகிறோம்.

கேன்ஸில் பேசப்பட்ட இரண்டு மூன்று பேர் மிஞ்சினால் பாஃப்டா பரிந்துரையை வைத்து முடிவு செய்யுங்கள். இந்த ஆறு பேரில் ஆஸ்ட்லண்ட் தவிர ஐந்து பேரும் பாஃப்டா இயக்குநர் பட்டியலில் இருந்தார்கள்.

2024 விழாவுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். சங்கம் சொன்னது நோலன், ஸ்கோர்செஸி, லாந்திமோஸ், கெர்விக், பெய்ன். வசூல் படத்துக்காரரான கெர்விக்கை எடுத்தாயிற்று. கேன்ஸிலிருந்து த்ரியே, கிளேசர் என்று இரண்டு பேர் நிற்கிறார்கள், பாஃப்டாவிலும் இருவரும் இருக்கிறார்கள். யாரைப் போட்டாலும் ஐந்துக்கு நான்கு சரி. துணிந்து பெய்னையும் எடுத்திருந்தால் ஐந்துக்கு ஐந்து.

படி 6: தேதிகளைச் சரிபாருங்கள்

2013 விழாவில் சங்கப் பட்டியலிலிருந்து ஆங் லீ, ஸ்பீல்பெர்க் இருவர் மட்டுமே ஆஸ்கருக்குத் தப்பிப் பிழைத்தார்கள். பென் அஃப்லெக்குக்குக்கூட இடம் இல்லை, பிறகு சங்கத்தின் விருதை வென்றதே அவர்தான். அந்த வருஷம் ஆஸ்கர் பரிந்துரை ஓட்டுப்பதிவு முடிந்த பிறகுதான் சங்கப் பட்டியலே வெளிவந்தது. உங்கள் வருஷத்திலும் தேதிகள் அப்படி விழுந்தால், ஒருவருக்குப் பதில் இரண்டு பேரை மாற்றிப் போடுங்கள்.